ஃபிளாப்புக்கு முன் ப்ளஃப் த்ரீ-பெட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள கணக்குகள் நோ-லிமிட் டெக்சாஸ் ஹோல்டம் போக்கர், ஆறு பேர் மேசை, ஆளுக்கு 100 பிக் பிளைண்ட் சிப் என்ற நிலைக்கு உரியவை. வேறு நிலை வரும்போது அங்கேயே சொல்லியிருக்கிறோம். சீட்டுப் பகிரும் முன் இருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயங்களில் பெரியது பிக் பிளைண்ட், அதில் பாதி ஸ்மால் பிளைண்ட். பிக் பிளைண்டைச் சுருக்கமாக 'பிபி' என்று எழுதுகிறோம். கை என்பது உங்களிடம் உள்ள இரண்டு சீட்டுகள், ஃபிளாப் என்பது மேசையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டுகள், பாட் என்பது நடுவில் சேரும் சிப்கள். ரெய்ஸ் என்றால் பந்தயத்தை ஏற்றுவது, கால் என்றால் அதே தொகையை வைத்துத் தொடர்வது, ஃபோல்டு என்றால் கையை விட்டு விலகுவது. வலுவில்லாத கையோடு ஏற்றி எதிராளியை விலக வைக்கப் பார்ப்பது ப்ளஃப்.

முதல் ரெய்ஸுக்கு மேல் போடும் ரெய்ஸை ஏன் 'த்ரீ-பெட்' என்கிறார்கள்? அது இரண்டாவது தானே?

பிக் பிளைண்டையே முதல் பெட்டாக எண்ணுவது வழக்கம். அதற்கு மேல் ஒருவர் ஏற்றினால் இரண்டாவது. அதற்கும் மேல் ஏற்றுவது மூன்றாவது, அதாவது த்ரீ-பெட். அடுத்து வருவது ஃபோர்-பெட், அதன் பின் ஃபைவ்-பெட். 100 பிபி ஆட்டத்தில் ஃபைவ்-பெட் என்றாலே பெரும்பாலும் ஆல்-இன், அதாவது இருக்கும் சிப் முழுவதையும் வைப்பதுதான்.

பெரிய கை வந்தால் மட்டும் த்ரீ-பெட் செய்தால் போதாதா? ப்ளஃப் எதற்கு?

இரண்டு காரணங்கள். ஏஸ் ஜோடி, கிங் ஜோடி, குயின் ஜோடி, ஏஸ்-கிங் ஆகியவற்றுக்கு மட்டும் த்ரீ-பெட் செய்பவரைக் கவனிக்கிற எதிராளி எளிதில் கண்டுபிடித்துவிடுவார். 10-10 என்ற பத்து ஜோடியைக்கூடத் தயங்காமல் ஃபோல்டு செய்வார். உங்கள் பெரிய கைகள் சின்ன பாட்டோடு நின்றுவிடும். இன்னொரு காரணம், மேசையில் ஏற்கெனவே கிடக்கும் சிப்கள். பட்டனில் (ஃபிளாப்புக்குப் பின் கடைசியாகப் பேசும் இருக்கை) இருந்து 45 சதவீதக் கைகளோடு ஏற்றுபவர், அதில் பாதியை மறு ரெய்ஸுக்கு எதிராகத் தாங்க முடியாமல் விட்டுவிடுகிறார். அந்தச் சிப்களை யாராவது எடுக்க வேண்டும். பல மேசைகளில் ஃபிளாப் வராத பாட்டுக்கு ரேக் (ஆட்டம் நடத்துபவர் எடுக்கும் கட்டணம்) பிடிப்பதில்லை என்பதால் அங்கேயே ஜெயித்தால் முழுத்தொகையும் கையில் வரும்.

ஆனால் முதல் காரணம் கவனிக்கிற எதிராளிக்கு மட்டுமே பொருந்தும். உங்களைக் கவனிக்காமல் எதையும் கால் செய்பவர்களோடு ஆடும்போது ப்ளஃபே வேண்டாம். நல்ல கைகளின் வட்டத்தைச் சற்று விரித்து, அவற்றோடு மட்டும் ஏற்றுங்கள்.

எதிராளி எத்தனை சதவீதம் ஃபோல்டு செய்தால் கட்டுபடியாகும்?

கட்-ஆஃபில் (பட்டனுக்கு முந்தைய இருக்கை) இருப்பவர் 2.5 பிபி-க்கு ஏற்றுகிறார். நீங்கள் பட்டனில் 7.5-க்கு ஏற்றுகிறீர்கள். மேசையில் கிடப்பது அவருடைய 2.5, இரண்டு பிளைண்டுகளின் 1.5, ஆக 4. நீங்கள் வைப்பது 7.5. ஆகவே 7.5-ஐ 11.5-ஆல் வகுக்க வேண்டும்: 65.2 சதவீதம். கால் வந்தால் உங்கள் கைக்கு ஒரு மதிப்பும் இல்லை என்று வைத்துக்கொண்டால், இந்த அளவுக்கு ஃபோல்டு கிடைத்தால்தான் அசல் தேறும்.

பட்டன் 2.5-க்கு ஏற்றி, நீங்கள் பிக் பிளைண்டில் இருந்து 11-க்கு ஏற்றினால் கணக்கு மாறும். 1 பிபி ஏற்கெனவே உள்ளே இருப்பதால் புதிதாக வைப்பது 10. பிடிக்கப் பார்ப்பது அதே 4. 10-ஐ 14-ஆல் வகுத்தால் 71.4. ஸ்மால் பிளைண்டில் இருந்து அதே 11 என்றால் 72.4.

பட்டன் கணக்கில் பலர் மறப்பது ஒன்று உண்டு. ஃபோல்டு செய்ய வேண்டியது கட்-ஆஃப் மட்டும் இல்லை, பின்னால் இரண்டு பிளைண்டுகளும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குப் பெரிய கை விழுந்துவிட்டால் உங்கள் 7.5 போய்விடும்.

65 சதவீதம் ஃபோல்டு செய்பவர்கள் குறைவு. அப்படியானால் ப்ளஃப் நஷ்டம் தானே?

இல்லை. கால் வந்தபின் உங்கள் கைக்கு இருக்கும் மதிப்பு இங்கேதான் கணக்கில் சேர்கிறது. கை எது என்பதுதான் லாப நஷ்டத்தைத் தீர்மானிக்கிறது.

அதே பட்டன் உதாரணம். பின்னால் பிளைண்டுகள் விலகிவிட்டார்கள். கட்-ஆஃப் 50 சதவீதம் ஃபோல்டு, 38 சதவீதம் கால், 12 சதவீதம் ஃபோர்-பெட் என்று வைத்துக்கொள்வோம்.

ஃபோல்டில் வருவது: 0.50 × 4 = 2.00 லாபம்.
ஃபோர்-பெட்டில் போவது: 0.12 × 7.5 = 0.90 நஷ்டம்.
கால் வந்தால் பாட் 16.5. அதில் சராசரியாக 38 சதவீதத்தை உங்கள் கை மீட்டுத் தந்தால் 6.27 கிடைக்கும், வைத்த 7.5-ஐக் கழித்தால் 1.23 நஷ்டம். 0.38-ஆல் பெருக்கினால் 0.47 நஷ்டம்.

மொத்தம் 0.63 பிபி லாபம், அதுவும் பாதி தடவைதான் ஃபோல்டு கிடைத்த நிலையில். இதே எதிராளியிடம், பாட்டில் 20 சதவீதத்தை மட்டும் மீட்கும் உதவாக்கரைக் கையோடு ஏற்றினால், கால் வரும்போது ஒவ்வொரு முறையும் 4.2 போகிறது, மொத்தத்தில் 0.50 பிபி நஷ்டம். ஆள் அவரேதான், அளவும் அதேதான். கை மட்டும் மாறியதால் 1 பிபிக்கு மேல் வித்தியாசம். 'எப்போது ப்ளஃப்' என்று யோசிக்கும் நேரத்தில் பாதியையாவது 'எந்தக் கையோடு' என்பதற்கு ஒதுக்க வேண்டும்.

எந்தக் கைகள்? ஏன் எல்லோரும் ஏஸ்-5 சூட்டட் என்றே சொல்கிறார்கள்?

கால் செய்தால் லாபம் தரும் கைகளை ப்ளஃபுக்குச் செலவழிக்காதீர்கள், குப்பையையும் எடுக்காதீர்கள். கால் செய்வதற்கு ஒரு படி கீழே, ஃபோல்டு செய்யச் சற்று மனம் வராத கைகளே சரியானவை. இந்த இடத்தில் ஏஸ்-5, ஏஸ்-4 சூட்டட் (இரண்டு சீட்டும் ஒரே சின்னம்) அழகாகப் பொருந்துகின்றன.

அதற்கு மூன்று காரணங்கள் உள்ளன. உங்களிடம் ஒரு ஏஸ் இருப்பதால் எதிராளியிடம் ஏஸ் ஜோடியும் ஏஸ்-கிங்கும் இருக்கும் வாய்ப்பு குறைகிறது. ஃபிளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) விழுந்தால் அது பெரும்பாலும் மேசையிலேயே பெரிய ஃபிளஷ். ஏஸ்-2-3-4-5 என்ற சின்ன ஸ்ட்ரெய்ட்டும் உண்டு. ஏஸ்-7, ஏஸ்-8 கைகளுக்கு அது இல்லை. ஏஸ்-10, ஏஸ்-ஜாக் சூட்டட் இன்னும் வலுவானவை என்றாலும் பட்டனில் அவற்றைக் கால் செய்தே நன்றாக ஆடலாம். ஃபோர்-பெட் வந்து அவற்றைத் தூக்கிப் போட நேர்ந்தால் வீண்.

இதற்கு அடுத்த வரிசையில் கிங்-9, கிங்-8 சூட்டட், குயின்-9 சூட்டட், 7-6, 6-5 சூட்டட் போன்றவை வருகின்றன.

பிளாக்கர், அதாவது எதிராளியின் பெரிய கைகளைக் குறைக்கும் உங்கள் சீட்டு, உண்மையில் எவ்வளவு உதவுகிறது? எண்ணிக்கையில் சொல்ல முடியுமா?

ஒரு ஜோடி 6 விதமாக வரலாம். ஏஸ்-கிங் 16 விதம்: சூட்டட் 4, ஆஃப்சூட் (இரண்டும் வேறு சின்னம்) 12. எதிராளி ஏஸ், கிங், குயின் ஜோடிகளுக்கும் ஏஸ்-கிங்குக்கும் ஃபோர்-பெட் செய்பவர் என்றால் மொத்தம் 6 + 6 + 6 + 16 = 34 விதம். உங்கள் கையில் ஒரு ஏஸ் இருந்தால் ஏஸ் ஜோடி 3 ஆகவும், ஏஸ்-கிங் 12 ஆகவும் சுருங்கும். மொத்தம் 27. ஐந்தில் ஒரு பங்கு ஃபோர்-பெட் காணாமல் போகிறது. ஒரு கிங் இருந்தாலும் அதே 27 தான். கிங்-குயின் இருந்தால் 24.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. ஏஸ்-9 ஆஃப்சூட், ஏஸ்-8 ஆஃப்சூட் போன்றவற்றோடு ஏற்றிவிட்டு மறு ரெய்ஸுக்கு ஃபோல்டு செய்பவர்கள் நிறைய. உங்கள் கையில் உள்ள ஏஸ் அந்தக் கைகளையும் குறைக்கிறது. 7-6 சூட்டட் எதிராளி ஃபோல்டு செய்யும் கைகளை அவ்வளவாகத் தொடுவதில்லை. பிளாக்கரை ஒரு கூடுதல் ஆதாயமாக எடுத்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் நம்பி ஏற்றாதீர்கள்.

அப்படியானால் ஏஸ்-5 ஆஃப்சூட்? ஏஸ் அதிலும் இருக்கிறதே.

இருக்கிறது. ஆனால் கால் வந்தபின் தவிப்பீர்கள். ஃபிளாப்பில் ஏஸ் விழுந்து பெரிய பாட் ஆனால், எதிராளியிடம் அதைவிட நல்ல ஏஸ் இருப்பதே வழக்கம். சூட்டட் கைக்கு ஃபிளாப்பில் ஃபிளஷ் டிரா (ஃபிளஷுக்கு இன்னும் ஒரு சீட்டு போதும் என்ற நிலை) கிடைப்பது சுமார் 11 சதவீதம். அடுத்த சீட்டிலும் பந்தயம் வைக்க அதுதான் தைரியம் தருகிறது. ஆஃப்சூட்டில் அந்த வழி அநேகமாக அடைபட்டுவிடும்.

எண்ணிக்கைதான் இன்னும் பெரிய ஆபத்து. ஒரு சூட்டட் கை 4 விதம், ஆஃப்சூட் 12 விதம். ஏஸ்-2 முதல் ஏஸ்-9 வரை ஆஃப்சூட் எல்லாவற்றையும் சேர்த்தால் 96 விதம். பத்து ஜோடியும் அதற்கு மேல் எல்லா ஜோடிகளும், ஏஸ்-கிங்கும், ஏஸ்-குயின் சூட்டடும் சேர்ந்தால்கூட 50 தான். 'ஏதாவது ஒரு ஏஸ்' என்று ஏற்றுபவரிடம் உண்மையான கையைப் போல் இரு மடங்கு ப்ளஃப் இருக்கும், அவருக்கே தெரியாமல்.

சின்ன ஜோடிகளை ப்ளஃபாக எடுக்கலாமா?

பொதுவாக வேண்டாம். 2-2 முதல் 5-5 வரையுள்ள ஜோடிகள் பிளாக்கராக உதவா. ஃபிளாப்பில் அதே எண்ணில் மூன்றாவது சீட்டு விழுவது சுமார் 12 சதவீதம். விழாதபோது முன்னேற வழியும் குறைவு. கால் செய்தோ ஃபோல்டு செய்தோ போங்கள்.

எவ்வளவுக்கு ஏற்ற வேண்டும்?

பட்டன் போல, ஃபிளாப்புக்குப் பின் கடைசியாகப் பேசும் இடத்தில் இருந்தால் முதல் ரெய்ஸைப் போல் 3 மடங்கு. பிளைண்டில் இருந்தால் 4 முதல் 4.5 மடங்கு. 2.5-க்கு எதிராக 7.5, 11 என்று மேலே எடுத்துக்கொண்டது இதனால்தான்.

சின்னதாகப் போட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். 2.5-க்கு மேல் 5-க்கு ஏற்றினால் எதிராளி இன்னும் 2.5 வைத்து 9-ஐப் பிடிக்கப் பார்க்கிறார். அவருக்கு 22 சதவீதம் போதும். எந்தக் கைக்கும் அது கிடைக்கும், யாரும் ஃபோல்டு செய்ய மாட்டார். 7.5-க்கு ஏற்றினால் அவருக்கு 30 சதவீதம் வேண்டும். பயந்து 12-க்கு ஏற்றினாலோ, உங்களுக்கு 75 சதவீதம் ஃபோல்டு தேவைப்படும். 8 அல்லது 9-க்கே போகக்கூடிய கைகளை விரட்ட அவ்வளவு கொடுப்பது வீண்.

எந்த அளவு எடுத்தாலும் ஏஸ் ஜோடிக்கும் ஏஸ்-5க்கும் ஒரே அளவாக இருக்கட்டும். ப்ளஃபுக்குச் சிறியது, பெரிய கைக்குப் பெரியது என்று போடுகிறவரைப் படிக்க அரைமணி நேரம் போதும்.

யாருக்கு எதிராக, எந்த இருக்கையில்?

எதிராளி எவ்வளவு அகலமாகத் திறக்கிறார், அதாவது எத்தனை சதவீதக் கைகளோடு முதல் ரெய்ஸ் போடுகிறார் என்பதுதான் அடிப்படை. பத்து ஜோடியும் அதற்கு மேல் உள்ளவையும், ஏஸ்-கிங், ஏஸ்-குயின் மொத்தம் 62 விதம். முதல் இருக்கையில் இருந்து 16 சதவீதக் கைகளோடு ஏற்றுபவரிடம் மொத்தம் 212 விதம் உண்டு. அதில் இந்த வலுவான பகுதி 29 சதவீதம். பட்டனில் 45 சதவீதத்தோடு ஏற்றுபவரிடம் 597 விதம். அதே வலுவான பகுதி 10 சதவீதம்தான். முதல் இருக்கைக்கு எதிராக ஏஸ்-5 சூட்டட் மாதிரி ஓரிரண்டு கையோடு நிறுத்துங்கள். கட்-ஆஃப், பட்டன், ஸ்மால் பிளைண்ட் ஆகியோருக்கு எதிராக விரிக்கலாம்.

ஸ்மால் பிளைண்டைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அங்கிருந்து வெறுமனே கால் செய்தால் பிக் பிளைண்டும் மலிவாக உள்ளே வருவார். கை முழுவதும் முதலில் பேச வேண்டியவரும் நீங்கள்தான். அதனால் அங்கே 'த்ரீ-பெட் அல்லது ஃபோல்டு' என்று ஆடுவது பலருக்கும் எளிது. அப்போது குப்பை ப்ளஃப்களை விட்டு, ஏஸ்-ஜாக், கிங்-குயின், கிங்-ஜாக் சூட்டட், நடுத்தர ஜோடி என்று மேலிருந்து கீழாக வரிசையாக எடுங்கள். பட்டனில் கால் செய்ய ஏற்ற கைகள் இங்கே த்ரீ-பெட்டாக மாறுகின்றன.

எதிராளியின் புள்ளிவிவரத்தில் 'த்ரீ-பெட்டுக்கு ஃபோல்டு 60 சதவீதம்' என்று காட்டுகிறது. நம்பலாமா?

எத்தனை தடவையில் 60 என்று முதலில் பாருங்கள். 20 தடவையில் 12 என்றால், அவருடைய உண்மையான எண் 40-ஆகவும் இருக்கலாம், 80-ஆகவும் இருக்கலாம். ஆயிரம் கை சேர்ந்து ஆடியிருந்தாலும், அவர் ஏற்றி அதற்கு மேல் யாராவது ஏற்றிய சந்தர்ப்பம் சில பத்துகளைத் தாண்டியிருக்காது. சின்ன மாதிரியாக இருந்தால், அவர் எவ்வளவு அகலமாகத் திறக்கிறார் என்பதைப் பாருங்கள். அந்த எண் சீக்கிரம் நிலைப்படும். நிறையத் திறந்துவிட்டு ஃபிளாப்பில் அடிக்கடி விட்டுக்கொடுப்பவர் நல்ல இலக்கு.

ஃபோர்-பெட் வந்துவிட்டது. இப்போது?

பெரும்பாலும் ஃபோல்டு. கூச்சப்பட ஒன்றுமில்லை, அந்த 7.5 முன்பே கணக்கில் எழுதிய செலவு.

ஏஸ்-5 சூட்டட் மட்டும் கொஞ்சம் யோசிக்க வைக்கும். எதிராளி 20-க்கு ஏற்றினால் நீங்கள் 12.5 வைத்து 29-ஐப் பிடிக்கப் பார்க்கிறீர்கள். தேவை 30 சதவீதம். மேலே சொன்ன 27 விதக் கைகளுக்கு எதிராக இந்தக் கைக்குச் சுமார் 29 சதவீதம் உண்டு. ஏறத்தாழ எட்டிவிட்டது போல் தெரிந்தாலும், ஃபிளாப்பில் ஒன்றும் விழாமல் மடிய வேண்டிய தடவைகளால் அதை முழுதாக மீட்க முடியாது.

ஆல்-இன் தள்ளினால்? 92.5 வைக்கிறீர்கள். கால் வந்து 29 சதவீதம் மட்டும் ஜெயித்தால் சராசரி 34 நஷ்டம். ஃபோல்டு வந்தால் 29 லாபம். அவர் 54 சதவீதத்துக்கு மேல் ஃபோல்டு செய்தால்தான் இது சரி. ஃபோர்-பெட்டிலும் ப்ளஃப் செய்பவர் என்று உறுதியாகத் தெரிந்தவரிடம் மட்டும் இதைச் செய்யுங்கள். மற்றவர்களின் ஃபோர்-பெட்டை அப்படியே நம்புங்கள்.

கால் செய்துவிட்டார். ஃபிளாப்பில் என்ன செய்வது?

பாட் 16.5, கையில் மிச்சம் 92.5. கிங்-7-2 என்று மூன்று வேறு சின்னங்களில் விழுந்தால், ஏஸ் ஜோடி, கிங் ஜோடி, ஏஸ்-கிங் உங்களிடமே அதிகம் இருக்கும் என்பது எதிராளிக்கும் தெரியும். மூன்றில் ஒரு பங்கு, அதாவது 5.5 வையுங்கள். 25 சதவீதம் ஃபோல்டு வந்தாலே அந்தப் பந்தயம் தேறிவிடும். 9-8-7 என்று விழுந்து அதில் இரண்டு ஒரே சின்னமாக இருந்தால், அது கால் செய்தவருக்குப் பிடித்த ஃபிளாப். ஒன்றும் இல்லாத ஏஸ்-5 அங்கே செக் செய்ய (பந்தயம் வைக்காமல் விட) வேண்டும்.

முதல் பந்தயத்துக்குக் கால் வந்தபின் நிறுத்தத் தெரியாததால்தான் நிறையப் பேர் சிப்பை இழக்கிறார்கள். கிங்-7-2-இல் ஏஸ்-5 வைத்திருப்பவர், டர்னில் (நான்காவது பொதுச் சீட்டு) 3 அல்லது 4 வந்து ஸ்ட்ரெய்ட்டுக்கு ஒரு வழி திறந்தாலோ ஃபிளஷ் டிரா உருவானாலோ மறுபடி வைக்கலாம். 9 வந்தால் அங்கேயே விட்டுவிட வேண்டும்.

ஒருவர் ஏற்றி இன்னொருவர் கால் செய்திருந்தால்?

இதுதான் ஸ்க்வீஸ். கிடக்கும் சிப் 6.5 ஆகிறது. பட்டனில் 11-க்கு ஏற்றினால் தேவை 63 சதவீதம். அளவுக்கு ஒரு கைக்கணக்கு: வழக்கமான த்ரீ-பெட்டோடு, கால் செய்த ஒவ்வொருவருக்கும் முதல் ரெய்ஸ் அளவைக் கூட்டி, கொஞ்சம் மேலே போங்கள். கால் மட்டும் செய்தவரிடம் மிகப் பெரிய கை இருப்பது அரிது. இருந்திருந்தால் அவரே ஏற்றியிருப்பார். ஆனாலும் இருவரும் ஃபோல்டு செய்ய வேண்டும்: ஒருவர் 70, மற்றவர் 80 சதவீதம் என்றால் இரண்டும் சேர்ந்து 56 தான். கால் செய்தவர் எதையும் விடாதவர் என்றால் ப்ளஃப் ஸ்க்வீஸ் வேண்டாம்.

போட்டிகளில் சிப் குறைந்திருக்கும்போது இதெல்லாம் மாறுமா?

மாறும். உதாரணத்துக்கு, பிக் பிளைண்டில் உங்களிடம் 20 பிபி, பட்டன் 2.2-க்கு ஏற்றுகிறார், ஆன்டி (பிளைண்டுகளோடு சேரும் கட்டாயத் தொகை) 1 பிபி. இங்கே சின்ன த்ரீ-பெட் போட்டுவிட்டு ஆல்-இன்னுக்கு ஃபோல்டு செய்தால் ஸ்டாக்கில் (உங்களிடம் உள்ள மொத்தச் சிப்) கணிசமான பகுதி போய்விடும். ஏஸ்-5 சூட்டடை நேராக ஆல்-இன் தள்ளுவது நல்லது. புதிதாக வைப்பது 19, கிடப்பது 4.7. கால் வரும்போது 35 சதவீதம் ஜெயிக்கும் என்றால், 49 சதவீதம் ஃபோல்டு வந்தால் அசல் தேறும். பட்டனில் பாதிக் கைகளோடு ஏற்றுபவரிடம் அது கிடைக்கும். இந்த ஆழத்தில் 7-6 சூட்டடின் மதிப்பு குறைகிறது, ஏஸின் மதிப்பு கூடுகிறது. 200 பிபி ஆழத்தில் நேர் எதிர்: கடைசியாகப் பேசும் இடத்தில் 7-6 சூட்டட் இனிக்கும், பிளைண்டில் இருந்து ப்ளஃபைக் குறைக்க வேண்டும்.

எவ்வளவு அடிக்கடி செய்ய வேண்டும்? ஒவ்வொரு முறையும் அதே கையோடா?

கட்-ஆஃபுக்கு எதிராகப் பட்டனில், மேலே சொன்ன 50 வித நல்ல கைகளோடு 30 முதல் 35 வித ப்ளஃப் சேர்த்தால் மொத்தக் கைகளில் 6 சதவீதம் சொச்சம். எட்டு சூட்டட் கைகள் என்றால் 32 விதம், அவ்வளவுதான். கணக்கு வைக்கச் சிரமமாக இருந்தால் சின்னத்தால் பிரியுங்கள்: 7-6 சூட்டட் ஸ்பேடிலோ ஹார்ட்டிலோ வந்தால் த்ரீ-பெட், மற்ற இரண்டில் ஃபோல்டு. பாதி தடவை தானாக வந்துவிடும், மனநிலைக்கு இடமில்லை. கடைசியாகத் தோற்ற கையின் கோபத்தில் ஏற்றுவது இந்த முறையில் நடக்காது.

நேரில் மேசையில் ஆடும்போது தனியாகக் கவனிக்க வேண்டியது?

சிப்பைத் தள்ளுவதற்கு முன் 'ரெய்ஸ்' என்று வாயால் சொல்லுங்கள், தொகையையும் சேர்த்து. பெரும்பாலான இடங்களில் எதுவும் சொல்லாமல் ஒரே ஒரு பெரிய சிப்பை வைத்தால் அது கால் என்றே எண்ணப்படும். சிப்பை இரண்டு தவணையாக நகர்த்தினாலும் முதல் தவணை மட்டுமே செல்லும். அப்படி நடந்தால் ப்ளஃபுக்கு எடுத்த கையோடு, எதிராளி ஃபோல்டு செய்ய வாய்ப்பே இல்லாமல், ஃபிளாப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நேரடி மேசைகளில் முதல் ரெய்ஸ் 4 அல்லது 5 பிபி-யாக இருப்பதும் உண்டு. அப்போது த்ரீ-பெட் 14, 15 ஆகிவிடும். 100 பிபி ஸ்டாக்கில் ஏழில் ஒரு பங்கு. அந்த மேசைகளில் ப்ளஃப் பட்டியலை ஏஸ்-5, ஏஸ்-4 சூட்டடோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.